383 ஸ்மால் பிளாக்குக்கு எந்த ஹார்மோனிக் பேலன்சர்?

ஃபோர்ஜ்டு கிராங்க், ஃபோர்ஜ்டு பிஸ்டன், ரோலர் கேம், அலுமினியம் ஹெட் என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்கி முடித்துவிட்டு, கிராங்க் தண்டின் முன்முனையில் உட்காரும் கனமான சக்கரமான பேலன்சரை மட்டும் பழைய எஞ்சினிலிருந்து கழற்றித் துடைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்து மாட்டுகிறவர்கள் ஏராளம். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான். அந்தப் பேலன்சரின் ரப்பருக்கு வயது முப்பதோ நாற்பதோ இருக்கும். அதைவிட முக்கியம், அது வேறொரு கிராங்க்குக்காகச் செய்யப்பட்டது.

இந்த ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட எஞ்சின் செவ்ரோலேயின் ஸ்மால் பிளாக் என்ற வி8 குடும்பத்தைச் சேர்ந்த 383. 350 பிளாக்கின் சிலிண்டர்களை 0.030 அங்குலம் குடைந்து (போர் பண்ணி) விட்டத்தை 4.030 ஆக்கி, 3.75 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) உள்ள கிராங்க் போட்டால் 382.7 கன அங்குலம் வரும். அமெரிக்காவில் மிக அதிகமாகக் கட்டப்படும், ஸ்ட்ரோக்கை நீட்டிய ‘ஸ்ட்ரோக்கர்’ எஞ்சின்களில் இது ஒன்று. பேலன்சர் விஷயத்தில் மிக அதிகமாகத் தப்பு நடப்பதும் இதில்தான். ஜிஎம்மின் பிந்தைய வி8 வரிசையான எல்எஸ், ஃபோர்டு, நிசான் பற்றியும் நடுவில் கொஞ்சம் வரும்.

பெயரிலேயே ஒரு குழப்பம்

பேலன்சர் என்ற சொல் பாதிப் பேரைத் திசைதிருப்பிவிடுகிறது. கிராங்க் சுழலும்போது எடை ஒரு பக்கம் இழுக்காமல் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. கிராங்க் முறுங்கி முறுங்கி விடுபடும் அதிர்வை அடக்குவது இன்னொரு வேலை. இந்தப் பொருளின் உண்மையான வேலை இரண்டாவதுதான், அதனால் டேம்பர் என்று சொல்வதே சரி. முதல் வேலையைச் சில எஞ்சின்களில் மட்டும், கூடுதல் சுமையாக, இதன் தலையில் கட்டியிருக்கிறார்கள். எந்த டேம்பர் வாங்கலாம் என்று கேட்பவர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி முடிவு ஆனது மாதிரி.

ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கனெக்டிங் ராட் மாட்டியிருக்கும் கிராங்க் ‘பின்’ மேல் ஓர் அடி விழுகிறது. பின்பக்கம் ஃப்ளைவீல் கனமாக நிற்கிறது, சட்டென்று அசையாது. கிராங்க்கின் முன்முனை, அதாவது மூக்கு, லேசானது. ஈரத்துணியை ஒரு முனையில் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருகுவதுபோல, இரும்புக் கிராங்க் கண்ணுக்குத் தெரியாத அளவு முறுங்கி உடனே திரும்புகிறது. இதை முறுக்கதிர்வு என்று சொல்லலாம். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னக் குழந்தைகூட அதை உயரத்துக்கு அனுப்பிவிடும். வெடிப்புகளின் வேகம் கிராங்க்கின் இயல்பதிர்வெண்ணோடு, அது தானாக அதிரும் வேகத்தோடு, பொருந்திவிட்டாலும் அதேதான் நடக்கும்: முறுக்கல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராங்க்கின் இயல்பதிர்வெண் விநாடிக்கு 400 என்று வைத்துக்கொள்வோம். எண் உதாரணத்துக்குத்தான். வி8 எஞ்சினில் ஒரு சுற்றுக்கு நான்கு வெடிப்பு. 6,000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 100 சுற்று, ஆகவே 400 அடி. நேராகப் போய் முட்டுகிறது. அது மட்டுமில்லை, சுற்றுக்கு எட்டு என்ற கிளை அதிர்வு 3,000 ஆர்பிஎம்மிலேயே அதே 400-ஐத் தொடும். சுற்றுக்கு நாலரை என்ற கிளை 5,333-இல் தொடும். ஆகவே ஆபத்தான வேகம் ஒன்றே ஒன்று என்று நினைக்கக் கூடாது. ஓட்டும் எல்லைக்குள் நாலைந்து இருக்கும், சில லேசாக, ஓரிரண்டு கடுமையாக. கடுமையான இடத்தில் எவ்வளவு நேரம் எஞ்சின் நிற்கப்போகிறது என்பதுதான் டேம்பர் தேர்வின் உண்மையான கேள்வி.

ரீபில்டு செய்ததால் என்ன மாறியது

350 கிராங்க்கில் பிளாக்கில் உட்காரும் மெயின் ஜர்னலின் விட்டம் 2.45 அங்குலம், ராட் மாட்டும் ராட் ஜர்னல் 2.10, ஸ்ட்ரோக் 3.48. பக்கவாட்டில் பார்த்தால் மெயினும் ராட் பின்னும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் அளவு 0.535 அங்குலம். ஸ்ட்ரோக் 3.75 ஆனதும் அதே அளவு 0.400-க்கு இறங்கிவிடுகிறது. கால்வாசி போயிற்று. கிராங்க்கின் விறைப்பு பெருமளவு அந்த ஏறியிருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. ஸ்ட்ரோக்கை நீட்டிய கிராங்க் எளிதாக முறுங்கும், இயல்பதிர்வெண் கீழே இறங்கும்.

அந்தக் காலத்தில் செவ்ரோலே 400 எஞ்சினின் கிராங்க்கை எடுத்து 350 பிளாக்கில் போட்டவர்கள் அதன் 2.65 அங்குல மெயினை 2.45-க்குச் செதுக்கினார்கள். 0.500 ஆக இருந்த ஏற்றம் அதனால் 0.400 ஆயிற்று. இப்போது நேரடியாக 2.45 மெயினோடு 383 கிராங்க் கிடைக்கிறது. வசதி கூடியிருக்கிறது, ஏற்ற அளவு அதேதான்.

இதோடு பிஸ்டன், ராட் எடை, ஃப்ளைவீல், டார்க் கன்வெர்ட்டர், ரெட்லைன் எல்லாம் மாறியிருக்கும். தொழிற்சாலை பேலன்சரின் ரப்பர், பழைய கிராங்க்கின் பழைய அதிர்வெண்ணுக்குச் சுருதி கூட்டியது. தம்புராவை வேறு கட்டையில் சேர்த்து வைத்துக்கொண்டு பாடுவது மாதிரி. சத்தம் வரும், சேராது. 5,000-ஐத் தாண்டாத சாதாரண 350 ரீபில்டுக்கு நல்ல தரத்தில் புதிய ஸ்டாக் வகை பேலன்சர் போதும். 383-க்கு அதையே சொல்ல முடியாது.

டேம்பருக்கு முன்னால் பேலன்ஸ் சீட்டு

கடையில் டேம்பர் கேட்கும் முன் பேலன்ஸிங் ஷாப்பில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தக் கிராங்க் இன்டர்னலா, எக்ஸ்டர்னலா?

இன்டர்னல் என்றால் கிராங்க்கிலேயே உள்ள எதிரெடைகளான கவுண்டர்வெயிட்டுகளே முழு எடையையும் சரிக்கட்டிவிடும். பேலன்சரும் ஃப்ளைவீலும் நியூட்ரல், எந்தப் பக்கமும் கூடுதல் எடை இருக்காது. சாதாரண 350 இப்படித்தான். எக்ஸ்டர்னல் என்றால் கவுண்டர்வெயிட்டில் இடம் போதாமல் மிச்ச எடையை முன்னால் பேலன்சரிலும் பின்னால் ஃப்ளெக்ஸ்பிளேட்டிலும் (ஆட்டோமேட்டிக் கியரில் ஃப்ளைவீலுக்குப் பதில் வரும் தகடு) தொங்கவிட்டிருக்கிறார்கள். 1970 முதல் 1980 வரை வந்த 400 அப்படி. அதன் 8 அங்குல பேலன்சரைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் உள்வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் இரும்பு குறைந்திருப்பது தெரியும்.

383 இரண்டு விதமாகவும் வரும். விலை குறைந்த காஸ்ட் (வார்த்துச் செய்த) கிராங்க்குகள் பெரும்பாலும் 400 பேலன்சரை எதிர்பார்க்கும். ஃபோர்ஜ்டு (அடித்துச் செய்த) கிராங்க்குகளில் இன்டர்னல் தாராளமாகக் கிடைக்கிறது. கனமான பிஸ்டன் போட்டால் கவுண்டர்வெயிட்டில் துளையிட்டு டங்ஸ்டன் கட்டிகளை அழுத்திச் செருகுவார்கள். அதற்குத் தனிக் காசு.

தப்பான ஜோடி போட்டால் என்ன ஆகும்? எக்ஸ்டர்னல் கிராங்க்கில் நியூட்ரல் பேலன்சர் மாட்டினால் ஐடிலில் ஒன்றும் தெரியாது. 2,500-க்கு மேல் ஸ்டியரிங்கில் உதறல் வரும். வேகம் இரண்டு மடங்கானால் உதறும் விசை நான்கு மடங்காகும். முதல் மெயின் பேரிங் ஒரு பக்கமாகத் தேய்ந்து செம்பு தெரிய ஆரம்பிக்கும். டேம்பர் எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் இதைக் காப்பாற்றாது, இது முறுக்கதிர்வே இல்லை.

இன்னொரு பொறி 1986-க்குப் பிந்தைய 350. பின்பக்க ஆயில் சீல் ஒரே துண்டாக மாறியபோது கிராங்க்கின் பின் ஃப்ளாஞ்ச் வடிவமும் மாறியது. அதனால் அந்த எஞ்சினுக்கு முன்னால் நியூட்ரல் பேலன்சர், பின்னால் எடை வைத்த ஃப்ளெக்ஸ்பிளேட். ‘என்னுடையது எக்ஸ்டர்னல்’ என்று கேள்விப்பட்டு முன்னால் 400 பேலன்சரை மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. பின்னால் மட்டும்தான் எடை.

6,000 ஆர்பிஎம்முக்கு மேல் போகும் எஞ்சின் என்றால் இன்டர்னலுக்கே காசைப் போடுவது நல்லது. கிராங்க்கின் கடைசி மூக்கில் ஒரு பக்க எடையைத் தொங்கவிட்டுச் சுழற்றினால் மூக்கு வளைய முயலும். அதோடு, நியூட்ரல் என்றால் சந்தையில் தேர்வும் அதிகம்.

வரிசையும் முக்கியம். டேம்பரை முதலில் வாங்கிவிட்டுத்தான் கிராங்க்கைப் பேலன்ஸ் பண்ணக் கொடுக்க வேண்டும். எக்ஸ்டர்னல் என்றால் டேம்பரும் ஃப்ளெக்ஸ்பிளேட்டும் மாட்டியே மெஷினில் சுற்ற வேண்டும். இன்டர்னல் என்றாலும் கொடுத்துவிடுங்கள். நியூட்ரல் என்று பெட்டியில் எழுதியிருப்பது உண்மைதானா என்று அவர்கள் தனியாகச் சுற்றிப் பார்த்துவிடலாம்.

ரப்பர், திரவம், உருளை

ரப்பர் வகையில் நடுவில் கிராங்க் மூக்கில் ஏறும் ஹப், வெளியே கனமான வளையம், இரண்டுக்கும் நடுவே ரப்பர். கிராங்க் முறுங்கும்போது வளையம் பின்தங்கி எதிர்த்திசையில் இழுக்கும். ரப்பரின் கடினமும் வளையத்தின் எடையும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில்தான் இது முழு வலிமையோடு வேலை செய்யும். பெரிய ஒத்ததிர்வு ஒன்றை இரண்டு சிறியவையாக உடைத்துவிடுகிறது என்பதே இதன் சூட்சுமம். குறி தவறினால் பலன் வேகமாகக் குறையும். ரப்பர் சூடாக ஆக மிருதுவாகும், அப்போது சுருதியும் நகரும். அதிர்வை விழுங்கி வெப்பமாக மாற்றுவதுதான் ரப்பரின் வேலை என்பதால், எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு சூடாகும்.

இதிலேயே இரண்டு ரகம். ஸ்டாக் வகையில் ரப்பர் பட்டை ஹப்புக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒட்டியோ அழுத்தியோ இருக்கும், போனால் போனதுதான். ஏடிஐ சூப்பர் டேம்பர் போன்றவற்றில் வளையத்தை ஓ-ரிங்குகள் பிடித்திருக்கும், வெளிக்கூட்டைப் போல்ட் கழற்றித் திறக்கலாம். ரிங்கின் கடினத்தையும் வளையத்தின் எடையையும் மாற்றி எஞ்சினுக்கேற்பச் சுருதி கூட்டலாம், பழசானால் ரிங்கை மாற்றலாம். ஹப்பும் தனியாகக் கழன்று வரும். நாளைக்கு வேறு எஞ்சினுக்குப் போகும்போது ஹப்பை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையும் பல நேரம் உண்டு.

திரவ வகை, ஃப்ளூயிடாம்பர் போன்றது. மூடிய இரும்புக் கூட்டுக்குள் ஒரு கனமான வளையம் எதிலும் ஒட்டாமல் மிதக்கிறது. சுற்றிலும் தலைமுடியளவு இடைவெளி, அதில் சிலிக்கோன் திரவம். கம்பிப்பதத்தில் இருக்கும் வெல்லப்பாகைவிடக் கெட்டி. கூடு அதிரும்போது வளையம் தன் போக்கில் சுற்ற, நடுவிலுள்ள திரவம் வெட்டுப்பட்டு ஆற்றலை விழுங்குகிறது. ஆங்கிலேயப் பொறியாளர் லான்செஸ்டர் நூறு வருடத்துக்கு முன்பே போட்ட யோசனைதான் இது. பெரிய டீசல் எஞ்சின்களில் இன்றும் இதுவே சாதாரணம். ஒரே அதிர்வெண்ணில் சரியாகச் சுருதி கூட்டிய ரப்பர் இதை ஜெயிக்கலாம். ஆனால் இது எல்லா அதிர்வெண்ணிலும் ஓரளவு வேலை செய்யும், சிலிக்கோனின் பிசுபிசுப்பு சூட்டில் மற்ற எண்ணெய்கள் அளவுக்கு மாறாது. கிராங்க்கின் இயல்பதிர்வெண் என்னவென்று யாரும் அளக்காத வீட்டுக் கட்டுமானத்துக்கு இது பெரிய சௌகரியம்.

குறையும் உண்டு. கூடு கிராங்க்கோடு சேர்ந்தே சுழலும், உள்வளையம் மட்டுமே வேலை செய்யும். ஆகவே அதே பலனுக்கு மொத்த எடை கூடுதல். கூட்டில் சுத்தியல் பட்டு ஒரு சின்ன நெளிவு வந்தாலும் உள்ளே இருக்கும் இடைவெளி அடைபட்டு வளையம் பிடித்துக்கொள்ளும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, உள்ளே அது வெறும் கனமான புல்லி. பழைய பொருளாக வாங்கவே கூடாத ரகம் என்றால் இதுதான். பேலன்ஸிங் ஷாப்பில் இதன் கூட்டில் துளையிட்டு எடை குறைக்கக் கூடாது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். திரவம் கசிந்தால் கதை முடிந்தது.

உருளை வகைக்கு டிசிஐ ராட்லர் உதாரணம். ரப்பரும் இல்லை, திரவமும் இல்லை. துளைகளுக்குள் இரும்பு உருளைகள். வேகம் கூடக்கூட மையவிலக்கு விசையால் அவை வெளியே ஒட்டி ஊசலாடும், எஞ்சினின் வெடிப்பு ஒழுங்கோடு சேர்ந்து தாமே சுருதி மாறும். கையால் சுற்றினால் கலகலவென்று சத்தம் வரும், பெயரே அதுதான். சத்தம் கேட்டு எஞ்சின் போய்விட்டது என்று பயப்படுகிறவர்களும் உண்டு. கோட்பாடு அழகானது. ஆனால் தெருவில் ஓடும் 383-க்கு இதைத் தேடிப் போகக் காரணம் எதுவும் இல்லை.

நான்காவதாகச் சிலர் சொல்லும் திட அலுமினியப் புல்லி டேம்பரே இல்லை. கால் மைல் ஓடியதும் பிரித்துப் பார்க்கும் எஞ்சின்களுக்கு வேண்டுமானால் பொருந்தும்.

பந்தயப் பாகங்களுக்குப் பாதுகாப்புத் தரம் வகுக்கும் எஸ்எஃப்ஐ அமைப்பின் 18.1 என்ற ஸ்டிக்கர் பற்றி ஒரு வார்த்தை. கால் மைலை 10.99 விநாடிக்குள் ஓடும் காருக்கு அமெரிக்க இழுவைப் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதிவேகத்தில் வெளிவளையம் கழன்று பறக்கக் கூடாது, உடையக் கூடாது என்பதற்கான பாதுகாப்புத் தகுதி இது. அதிர்வை எவ்வளவு நன்றாக அடக்கும் என்று அது சொல்லவில்லை. ஸ்டிக்கர் இருக்கிற மலிவுப் பொருளும் ஸ்டிக்கர் இருக்கிற உயர்ந்த பொருளும் ஒன்றில்லை. ஆனாலும் 6,000-ஐத் தாண்டுகிறவர் ஸ்டிக்கர் இல்லாத காஸ்ட் அயர்ன் வளையத்தை மாட்டக் கூடாது. அது உடைந்தால் ஹூட், ரேடியேட்டர், பக்கத்தில் நிற்பவர் கால், எதையும் பார்க்காது.

எதை எடுப்பது

இன்டர்னல் ஃபோர்ஜ்டு கிராங்க், 6,500 வரை, தெருவிலும் மாதம் ஒருமுறை டிராக்கிலும் ஓடும் 383 என்றால், ஏறத்தாழ 6¾ அங்குல விட்டத்தில் திரவ வகைக்கே எங்கள் ஓட்டு. மூன்றாவது கியரில் 3,000, ஹைவேயில் 2,400, டிராக்கில் 6,500 என்று எல்லா வேகத்திலும் அலையும் எஞ்சின் அது. ஒரே இடத்துக்குச் சுருதி கூட்டுவதில் அர்த்தம் குறைவு. சீக்கிரமே சூப்பர்சார்ஜர் போடும் திட்டம் இருந்தாலோ, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஞ்சினைத் திறக்கும் பழக்கம் இருந்தாலோ, திறந்து மூடக்கூடிய ஓ-ரிங் வகை சரி. ஸ்டீல் ஹப்பில் இரண்டாவது கீக்கு (ஹப்பைக் கிராங்க்கோடு பூட்டும் சிறு கட்டி) பள்ளம் வெட்டிக்கொள்ளலாம். சூப்பர்சார்ஜர் பெல்ட்டின் இழுப்புக்கு ஒற்றைக் கீ போதாது.

காஸ்ட் கிராங்க், எக்ஸ்டர்னல், 5,500-க்குள் என்றால் எஸ்எஃப்ஐ தகுதியுள்ள புதிய ரப்பர் வகை, 400-க்குரிய எடையோடு. இதற்கு மேல் செலவு செய்வதைவிட அந்தக் காசை நல்ல ஆயில் பம்புக்குப் போடலாம். இழுவைப் பந்தயத்துக்கு மட்டும் என்றால் சிறிய விட்டத்தில் லேசான ரப்பர் வகை. சில விநாடி ஓட்டத்தில் எடைதான் கணக்கு.

8 அங்குலம் பெரியது, அதனால் நல்லது என்று நினைக்க வேண்டாம். பெரிய வளையத்துக்கு நிலைமம் அதிகம், அடக்கும் சக்தியும் அதிகம். ஆனால் அது சேசிஸின் குறுக்குச் சட்டத்திலோ ஸ்டியரிங் இணைப்பிலோ இடிக்கலாம், இக்னிஷன் நேரத்தைக் காட்டும் டைமிங் சுட்டியும் அந்த விட்டத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். செவ்ரோலேயில் மூன்று நான்கு விட்டங்கள் வந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனிச் சுட்டி. 1969-இல் வளையத்தில் கோடு இருக்கும் இடத்தையும் மாற்றினார்கள். பழைய சுட்டிக்குப் புது பேலன்சர் என்றால் கோடு பொய் சொல்லும். இக்னிஷனை 36 டிகிரி வைத்திருப்பதாக நினைத்து 44 வைத்துவிட்டால் முதல் சூடான நாளிலேயே பிஸ்டன் ஓரம் உருகலாம்.

வேறு எஞ்சின்களில் கவனிக்க

எல்எஸ் எல்லாம் இன்டர்னல், அந்தத் தலைவலி இல்லை. ஆனால் புல்லி பள்ளங்கள் பேலன்சரிலேயே இருக்கின்றன. கார்வெட் வரிசையை அடிப்படையாக வைத்தால் கமரோவின் புல்லி வரிசை முக்கால் அங்குலம் முன்னே, டிரக்கினுடையது ஒன்றரை அங்குலம் முன்னே. எந்த முன்பக்க டிரைவ் மாட்டப்போகிறீர்கள் என்று தெரியாமல் டேம்பர் வாங்கினால் பெல்ட் கழன்று விழும். விட்டம் குறைந்த அண்டர்டிரைவ் வாங்குகிறவர்கள் ஐடிலில் ஆல்டர்னேட்டர் வேகமும் குறையும் என்பதை மறக்கக் கூடாது. பெரிய ஃப்யூயல் பம்பும் இரண்டு ஃபேனும் ஓடும் காரில் வோல்டேஜ் இறங்கினால் எஞ்சின் திணறும். எல்எஸ் மூக்கில் பேலன்சருக்குக் கீயும் கிடையாது, போல்ட்டின் இறுக்கமே பிடிமானம். சூப்பர்சார்ஜர் என்றால் துளையிட்டு இரும்பு முளை (பின்) அடிப்பது வழக்கம்.

ஃபோர்டு 302-இல் இரண்டு எடைகள்: பழையவற்றுக்கு 28 அவுன்ஸ்-அங்குலம், 1980களின் தொடக்கத்திலிருந்து வந்தவற்றுக்கு 50. 351 விண்ட்சருக்கு 28. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், மாற்றிப் போட்டால் எஞ்சின் உதறும். புல்லியின் போல்ட் எண்ணிக்கையும், மூன்றா நான்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீளமான கிராங்க் உள்ள நேர்வரிசை ஆறு சிலிண்டர்தான் முறுக்கதிர்வில் மோசம். நிசான் ஆர்பி26-இல் ஆயில் பம்ப் கிராங்க் மூக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. ரெவ் லிமிட்டரில் மூக்கு அதிரும்போது பம்பின் சின்டர் (உலோகப் பொடியை அழுத்திச் செய்த) பல்சக்கரம் நொறுங்கும், அடுத்த விநாடி எண்ணெய் அழுத்தம் பூஜ்யம். பம்பைச் சுழற்றும் அகலமான காலர், இரும்புப் பல்சக்கரம், நல்ல டேம்பர் மூன்றும் சேர்ந்தால்தான் அங்கே தீர்வு. அந்த எஞ்சினில் எடை குறைப்பு என்று திடப் புல்லி மாட்டுவது வலியப் போய் வம்பை வாங்குவது.

மாட்டும்போது

கிராங்க் மூக்கை மைக்ரோமீட்டரில் அளந்து, ஹப் துளையை போர் கேஜில் அளந்து, இரண்டையும் கழித்துப் பாருங்கள். துளை மூக்கைவிட ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு அங்குலம் சிறியதாக இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் தாளில் உள்ள எண்ணே இறுதி. ஆயிரத்தில் இரண்டைத் தாண்டினால் பாதியில் கவ்விக்கொண்டு மூக்கைக் கிழிக்கும், ஹப்பின் துளையைத் தேய்த்துப் பெரிதாக்க (ஹோன் பண்ண) வேண்டும். கையால் தள்ளினாலே ஏறிவிட்டால் அந்த ஜோடி வேண்டாம். ஹப் நுண்ணியதாக ஆடி ஆடி, துருப்பொடி போலச் சிவப்புத் தூள் வரும், பிறகு கீ அடிபட்டு மூக்கே வெடிக்கும்.

கழற்ற மூன்று போல்ட் புல்லர். செவ்ரோலேயில் ஹப்பின் துளைகளின் திரெட் 3/8-24. வெளிவளையத்தில் நகம் மாட்டி இழுக்கும் புல்லரைப் போட்டால் ரப்பர் பிய்ந்துவிடும். ஏற்ற, திரெட் வைத்த இன்ஸ்டாலர். ஸ்மால் பிளாக்கின் மூக்குத் துளை 7/16-20. இன்ஸ்டாலரின் திரெட் ஓர் அங்குலமாவது உள்ளே போன பிறகு இழுக்கத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் கிராங்க்கின் திரெட்டைப் பிடுங்கிக்கொண்டு வரும். சுத்தியல் கூடவே கூடாது. அந்த அடி நேராகத் த்ரஸ்ட் பேரிங்கில்தான் போய் விழும். பழைய 283 கிராங்க்குகள் சிலவற்றில் மூக்கில் துளையே கிடையாது. அதைத் துளையிட்டுத் திரெட் போடும்வரை நல்ல டேம்பர் கனவை ஒத்திவையுங்கள்.

சூடுபடுத்த விரும்பினால் கொதிநீர் போதும். 1.245 அங்குல இரும்புத் துளை, அறை வெப்பத்திலிருந்து கொதிநீர் வெப்பத்துக்குப் போகும்போது ஆயிரத்தில் ஒரு அங்குலம் அளவுக்கு விரியும். நமக்கு வேண்டிய இறுக்கத்தின் அளவும் அதுதான். கேஸ் டார்ச் எடுத்தால் ரப்பரும் போகும், திரவமும் போகும்.

மூக்கில் லேசாக எண்ணெய், கீ பள்ளத்தில் ஒரு துளி சிலிக்கோன் சீலன்ட். எண்ணெய் அந்தப் பள்ளம் வழியாகத்தான் கசிந்து வரும், ஆனால் பழி டைமிங் கவர் சீலின் மேல் விழும். பழைய ஹப்பை மறுபடி போடுவதாக இருந்தால் சீல் உரசும் இடத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டினால் மெல்லிய ரிப்பேர் ஸ்லீவ் போட வேண்டும். ஸ்மால் பிளாக் போல்ட்டுக்கு 60 அடி-பவுண்டு. எல்எஸ்ஸில் ஜிஎம் முறை வேறு: பழைய போல்ட்டைக் கொண்டு 240 அடி-பவுண்டில் பேலன்சரை உட்கார வைத்து, கழற்றி, புது போல்ட் போட்டு 37 அடி-பவுண்டு, அதற்கு மேல் 140 டிகிரி. புது போல்ட் ஒரு முறைக்குத்தான்.

மாட்டியதும் முதல் வேலை கோடு உண்மையா என்று பார்ப்பது. முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகி, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் முட்டும் இடத்தில் சுட்டிக்கு நேரே ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றி மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே சரிபாதிதான் மேல் மையம், பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். 8 அங்குல வளையத்தில் ஒரு டிகிரி 1.77 மில்லிமீட்டர், 6¾ அங்குலத்தில் 1.5. பேலன்சரின் பூஜ்யக் கோடு அந்த நடுவில் இல்லையென்றால் சுட்டியை மாற்றுங்கள், வளையத்தை அல்ல.

ரப்பர் வகையாக இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். ஹப், ரப்பர், வெளிவளையம் மூன்றின் மேலும் சேர்த்து ஒரே நேர்கோடாக வெள்ளைப் பெயின்ட் இழுத்துவிடுங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வளையத்தில் இருக்கும் கோடு ஹப்பின் கோட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தாலே வளையம் வழுக்க ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கே கழற்றிவிட வேண்டும்.